வெளியேறும் பெண்ணுக்கு யார் மொய் எழுதுவது?

என் பெரியப்பா மகள் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு திருப்பூரில் பஸ் ஏறினாள். ஞாயிறு விடியும்போது எட்டாம் வகுப்புப் பையனோடும் ஆறு வயதுப் பெண்ணோடும் பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். இடது மணிக்கட்டில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். கையில் 100 ரூபாய் மிச்சம்.

கிளம்பும்போது இருந்தது 900. ஆட்டோவுக்கு 200, இரண்டு பஸ் மாறி வந்ததில் இரண்டரை டிக்கெட்டுக்கு 600. அந்த 900 ரூபாயை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து, இருபதும் ஐம்பதுமாகச் சேர்க்க அவளுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. “ஏழு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே” என்று நான் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிற கேள்வி அது. பஸ் காசு சேரும்வரை புருஷனிடம் அடி வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான் கணக்கு.

இத்தனைக்கும் அக்கா சம்பாதிக்காதவள் இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சம்பளம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும். ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப்பையில். கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணும் அவருடையதே. பணம் வந்த குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும், ஓடிபியும் அவருக்குத்தான். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். இருந்தும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட “உன் கார்டு யார்கிட்ட இருக்கு?” என்று அவளிடம் கேட்டதில்லை. அன்றைக்குக் கணக்கைப் பார்த்தேன், 412 ரூபாய் இருந்தது.

பெண் சம்பாதித்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சம்பாதிப்பது ஒன்று, அந்தக் காசு கையில் இருப்பது வேறு ஒன்று. சட்டத்துக்கே இது தெரியும். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடி உதையோடு சேர்த்துப் பொருளாதார வன்முறையையும் தனியாக எழுதி வைத்திருக்கிறது. சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை விற்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாமே அதில் அடக்கம். நம் வீடுகளில் இதற்குப் பெயர் “அவர் கொஞ்சம் சிக்கனம்”.

முதல் நாற்பது நாள் செலவை அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினாள். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. எக்ஸ்ரேயும் கட்டும் 1,850. புது போனும் சிம்மும் 7,500, ஏனென்றால் பழைய போனை வைத்திருந்தால் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு அட்வான்ஸ் 25,000, முதல் மாத வாடகை 4,500. கேஸ் இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் அடுப்பும் சின்ன சிலிண்டரும் புதிதாக 3,900. பாய், பாத்திரம், ஒரு டேபிள் ஃபேன் 4,200. முதலில் பார்த்த வக்கீலுக்கு 5,000. மளிகையும் சேர்த்தால் 57,000-க்குப் பக்கம்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதற்கு ஐந்து மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ். 2017-இன் வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைச் சொன்னால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். புருஷன் கூட இல்லாத பெண் என்றதுமே மூன்று வீடுகள் கைவிட்டுப் போயிருந்தன. அதனால் வாயை மூடிக்கொண்டு கொடுத்தோம்.

இந்த நோட்டில் இரண்டு வரி வீண் செலவு. இரண்டுக்கும் காரணம் எங்கள் அறியாமை. அடிபட்ட கைக்கு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய், “கணவர் அடித்தார்” என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும், அந்த ஏ.ஆர். காப்பிதான் பிறகு வழக்கில் சாட்சி. நாங்கள் தனியார் கிளினிக்குக்குப் போய், மானம் போய்விடும் என்று “வழுக்கி விழுந்துட்டா” என்று சொன்னோம். சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது. அடுத்தது வக்கீல் ஃபீஸ். 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை. 15100-க்குக் கூப்பிட்டாலோ நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போனாலோ போதும். 5,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

சரி, அரசு என்ன செய்கிறது? ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர் மூலமாகவே நீதிமன்றத்தில் மனு போடலாம். 2021-இல் வந்த கட்டணமில்லா பஸ்ஸை நான் சாகும்வரை புகழ்வேன். வேலை தேடி அலைந்த இரண்டு மாதமும் அக்கா டவுன் பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஆனால் தப்பித்து வந்த அந்த ராத்திரி ஏறியது வெளியூர் பஸ், அதற்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். தங்கும் மையத்தைப் பற்றி விசாரித்தபோது, பெண் குழந்தையைக் கூட்டி வரலாம், பையன் பெரியவன், அவனைச் சேர்க்க வழி இல்லை என்றார்கள். பையனை எங்கே விடுவது? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. விதியைப் படித்துப் பாருங்கள். வயது 30 ஆகியிருக்க வேண்டும், கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்ததற்கு நீதிமன்றக் காகிதம் வேண்டும். ஐந்து வருடம் தாக்குப்பிடித்த பெண்ணுக்கு அதற்குப் பிறகு எதற்கு 1,200? அவளுக்குப் பணம் தேவைப்பட்டது ஐந்தாவது நாளில். மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப அட்டை வேண்டும். அக்காவின் பெயர் கணவர் வீட்டு அட்டையில். நீக்கலாம் என்று இணையத்தில் முயன்றால் ஓடிபி அவர் போனுக்குப் போனது. அப்புறம் மனு, விசாரணை, அலைச்சல் என்று தனி அட்டை கைக்கு வர எட்டு மாதம். இலவசத் தையல் மிஷினுக்கும் எழுதிப் போடச் சொன்னார்கள். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன கஷ்டம் வந்தாலும் கடைசியில் ஒரு தையல் மிஷினில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பதினைந்து வருடம் பனியனைப் பார்த்துக் கண் நொந்த அக்கா, “இன்னும் துணியா?” என்று சிரித்துவிட்டாள்.

சட்டப்படி ஜீவனாம்சம் கிடைக்குமே என்பீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் பண நிவாரணம் கேட்கலாம், 23-இல் இடைக்கால உத்தரவும் வாங்கலாம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அக்காவுக்கு மாதம் 6,000 என்று இடைக்கால உத்தரவு வரவே பதினோரு மாதம் ஆனது, வாய்தா வாய்தாவாக. இரண்டு மாதம் கட்டினார், நிறுத்திவிட்டார். கணவரின் முதலாளியிடமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் அது நல்ல ஆயுதம். இவர் கட்டிங் மாஸ்டர், பீஸ் ரேட், இந்த வாரம் ஒரு கம்பெனி, அடுத்த வாரம் வேறொன்று. யாரிடம் பிடிப்பது?

ஆஸ்திரேலியாவில் வன்முறையிலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு 5,000 டாலர் வரை உதவித்தொகை கொடுக்கிறார்கள். 2021-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2025 ஜூலையில் நிரந்தரத் திட்டமாக்கினார்கள். பணக்கார நாடு, சரி. நான் அந்தத் தொகையைக் கேட்கவில்லை. வெளியே வந்த வாரத்திலேயே, வழக்கு முடியும் முன்பே, விவாகரத்துக் காகிதம் கேட்காமலே கொடுக்கலாம் என்ற யோசனை இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கையை வைத்து 25,000 ரூபாய் ஒரே தடவையில் அவள் பெயரில் புதுக் கணக்கில் போடட்டும். பொய் சொல்லி வாங்குவார்கள் என்பார்கள். வாங்கட்டுமே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க எடுத்தால், வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி என்று போய் நின்றவர்கள் 14 சதவீதம்தான். உண்மையிலேயே அடி வாங்குகிறவர்களே வாய் திறக்காத ஊரில், பொய் சொல்ல யார் வரிசையில் வந்து நிற்கப் போகிறார்கள்?

கடனையும் சொல்லியாக வேண்டும். அக்கா பெயரில் மகளிர் குழுக் கடன் 40,000 நிலுவை இருந்தது. வாங்கியது அவள் கையெழுத்தில், ஓடுவது அவர் பைக். அவள் ஊரை விட்டு வந்ததும் தவணை நின்றது. குழுவில் மற்ற ஒன்பது பெண்களும் சேர்ந்து கட்ட வேண்டிய நிலை, அவர்களுக்குக் கோபம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் கூலி வேலைக்காரர்கள். ஆனால் வசூலுக்கு வந்தவர் அவளைத் தேடிய தேடலில் கணவருக்கும் விலாசம் எட்டப் பார்த்தது. கடைசியில் நானே தவணையைக் கட்டினேன். நகை 11 பவுனும் அடகில், சீட்டு அவர் பெயரில். சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன, சீட்டை வைத்திருப்பவர்தான் கடையில் நகையை மீட்க முடியும்.

விலாசம் எட்டப் பார்த்தது என்றேன். கடைசியில் எட்டவும் செய்தது, ஆனால் எங்கள் சித்தப்பா புண்ணியத்தில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், “பாப்பா பட்டுக்கோட்டையில் பத்திரமாக இருக்கிறாள், யாரும் கவலைப்பட வேண்டாம்” என்று போட்டார். மூன்றாம் நாள் அக்காவின் கணவர் வாசலில் நின்றார். நல்ல மனசுதான் சித்தப்பாவுக்கு. தெருக்காரர்கள் கூடியதால் அன்றைக்குத் தப்பித்தோம்.

வங்கி வேலை கொஞ்சம் உதவியது என்பேன். பழைய கார்டை முடக்க ஐந்து நிமிடம். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றிய பிறகு வேறு வங்கியில் புதுக் கணக்கு. புதுக் கார்டு பழைய விலாசத்துக்குப் போய்விடக் கூடாது என்று கிளையிலேயே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தாள். பையனின் பழைய பள்ளி பாக்கிக் கட்டணம் கட்டாமல் டி.சி. தர மறுத்தது. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று இங்கே அரசுப் பள்ளித் தலைமையாசிரியரே சொல்லிச் சேர்த்துக்கொண்டார். உங்கள் தங்கையோ தோழியோ அப்படி ஒரு வீட்டில் இருந்தால், இப்போதே அவளுடைய ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகலை உங்கள் வீட்டில் வாங்கி வையுங்கள். கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். எப்போது கிளம்பினால் உயிருக்கு ஆபத்து குறைவு என்று அவளுக்குத்தான் தெரியும்.

இனி மொய்க்கு வருகிறேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து போடுவது ஊருக்கே தெரியும். வட்டி இல்லாமல், பத்திரம் இல்லாமல், ஒரு நோட்டை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் பணம் புரட்டத் தெரிந்த ஜனம் நாங்கள். அக்கா கல்யாணத்தில் மொய் மட்டும் 3,40,000. பெரியப்பா அந்த நோட்டைச் சாகும்வரை பீரோவில் வைத்திருந்தார். அதே சொந்தங்கள் அவள் கை கட்டோடு வந்தபோது வாய் நிறைய யோசனை கொடுத்தார்கள். “பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போ.” “பெரியவங்கள வச்சுப் பேசலாம்.” கூடப் பிறந்த அண்ணனே, “கேஸு கீஸுன்னு போனா நான் வரமாட்டேன்” என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. வெளியே வருகிற பெண்ணுக்குச் செய்ய வேண்டிய முறை என்று ஒன்று நம்மிடம் இல்லை, அதனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பூப்பு, கல்யாணம், வளைகாப்பு, சாவு எல்லாவற்றுக்கும் கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

அக்கா மாடிப்படி அறைக்குக் குடிபோன அன்று சாயங்காலம் ஒரத்தநாட்டிலிருந்து எங்கள் அத்தை வந்தார். எழுபது வயது, தனியாக, இலவச பஸ்ஸில். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து அக்கா கையில் வைத்தார். “ஒங் கல்யாணத்துக்கு ஐநூறுதான் எழுதுனேன். அப்ப ஒனக்கு என்னடி செலவு, ஒங்கப்பனுக்குத்தான் செலவு” என்றார்.

அக்கா அழவில்லை. நோட்டை எடுத்து வரவுப் பக்கம் திருப்பினாள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை எல்லாம் எழுதிவிட்டு, என்ன விசேஷம் என்று எழுதுவது எனத் தெரியாமல் பேனாவோடு அத்தையைப் பார்த்தாள்.

“புதுமனை புகுவிழான்னு எழுது” என்றார் அத்தை.