பற்பசையை ஹெட்லைட்ல தேய்க்கிறதை நிறுத்துங்க!

எத்தனை தடவை சொன்னாலும் ஆத்திரம் அடங்க மாட்டேங்குது. மஞ்சளடிச்சுப் போன ஹெட்லைட்டோட ஒரு கார் வாட்டர் வாஷுக்குப் போகுது. "அஞ்சே நிமிஷம்ணே, புதுசாக்கித் தர்றேன்"னு பற்பசையையோ, பெயிண்ட்டைப் பளபளப்பாக்குற ரப்பிங் கம்பவுண்டையோ பிதுக்கித் தேய்க்கிறாங்க. பளபளன்னு ஆயிடுது, 500 ரூபாய் கை மாறுது. ரெண்டே மாசத்துல பழைய மஞ்சள் திரும்பி வருது, முன்னைவிட மோசமா. மறுபடி தேய்ப்பு, மறுபடி 500. இதுக்குப் பேரு ரிப்பேரா? புண்ணுல இருக்கிற பொருக்கைப் பேர்த்து எடுத்துட்டு மருந்து போடாம வீட்டுக்கு அனுப்புற வேலை இது.

லைட்டுக்கு முன்னாடி இருக்கிறது கண்ணாடியே இல்ல, அதை முதல்ல புரிஞ்சுக்கங்க. அம்பாசிடர், பத்மினியோட வட்ட லைட்டுக்குத்தான் கண்ணாடி. அது கல்லடி பட்டா உடையும், ஆனா மஞ்சளாகாது. இப்ப வர்ற டூம்ல, அதாவது ஹெட்லைட்டோட மொத்தக் கூட்டுல, முன்னாடி இருக்கிறது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். எடை கம்மி, அடி தாங்கும், எப்படி வேணா வளைக்கலாம். ஆனா வெயிலோட புற ஊதாக் கதிர் பட்டா தாங்காது. அதனாலதான் கம்பெனியிலேயே மேல ஒரு கெட்டிப் பூச்சு போட்டு அனுப்புறாங்க. தலைமுடியைவிட மெல்லிசான பூச்சு. லைட்டோட உயிரே அதுலதான் இருக்கு. வருஷக்கணக்கா வெயில் குடிச்சு அது வெடிச்சு, உரிஞ்சு, அடியில இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகும். பற்பசை மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டும், வாஸ்தவம். கூடவே மிச்சம் மீதி இருக்கிற பூச்சையும் சுரண்டிட்டுப் போயிடும். அப்புறம் காவலில்லாத வெறும் பிளாஸ்டிக் நேரா வெயில்ல நிக்கும். சீக்கிரம் மஞ்சளாகாம வேற என்ன ஆகும்?

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கேடு இன்னும் சீக்கிரம் வருது. பானட்டோட சரிவுக்கு ஏத்த மாதிரி லைட்டைப் படுக்க வெச்சிருக்காங்க. நிமிந்து நிக்கிற ஜீப்பு லைட்டைப் பாருங்க, உச்சி வெயில் சாய்வாத்தான் படும். ஸ்போர்ட்ஸ் கார் லைட்டு மல்லாந்து வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும். மஞ்சள் பெரும்பாலும் மேல் விளிம்புலேருந்து ஆரம்பிக்கிறது இதனாலதான். வண்டி தாழ்வா வேற இருக்கு, முன்னாடி போற டயர் தெறிக்கிற மணலெல்லாம் நேரா லைட்டுக்குத்தான்.

நம்ம டெல்டாவுல இதுக்கு மேல ஒண்ணு இருக்கு: நெல்லுச் சுணை. தை, மாசியில அறுவடை மெஷின் ஓடுற வயலோரமாப் போனா, நெல்லுக் காயப்போட்ட ரோட்டுல போனா, காரெல்லாம் சுணையும் பதரும் படிஞ்சிரும். உமியில சிலிக்கா நிறைய இருக்கு, மணல்ல இருக்கிற அதே சரக்கு. அதைக் காஞ்ச துணியால ஹெட்லைட்ல துடைக்கிறது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுக்குச் சமம். முதல்ல தண்ணிய ஊத்தி ஓடவிடுங்க, அப்புறம் கையை வைங்க. போர் தண்ணியில கழுவி வெயில்ல அப்படியே காயவிட்டா உப்புத் திட்டு நிக்கும், அதனால ஈரம் காயுறதுக்குள்ள துணியால ஒத்தி எடுங்க.

இந்த ஊர் ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டுறவங்களுக்கு நல்ல லைட்டு ஏன் வேணும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒரு பக்கம் வாய்க்கால், கைப்பிடிச் சுவர் கிடையாது. வைக்கோல் ஏத்தின டிராக்டர் டிரெய்லர் பின்னாடி ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமப் போகும். நடு ரோட்டுல மாடு படுத்திருக்கும். சைலன்ஸருக்கும் அலாய் வீலுக்கும் லட்சம் லட்சமாக் கொட்டுறவங்க, புரை விழுந்த கண்ணு மாதிரி லைட்டை வெச்சுக்கிட்டு கும்பகோணம் ரோட்டுல 100-ல போறாங்களே, அதை நினைச்சாத்தான் பதறுது.

சரி, வேலைக்கு வருவோம். லைட்டைக் கழுவிட்டு ஈரத்தோடயே பாருங்க. தண்ணி பட்டதும் தெளிவாத் தெரிஞ்சா கோளாறு வெளித்தோல்லதான் இருக்கு, தேய்ச்சுச் சரிபண்ணலாம். ஈரத்துலயும் மங்கலாவே இருந்தா உள்பக்கம் அழுக்கு, இல்லேன்னா பிளாஸ்டிக்குக்குள்ள ஆழமா வெடிப்பு. அதை வெளியில எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமத்தான் பாதிப்பேர் காசைக் கரைக்கிறாங்க.

வாட்டர் பேப்பர், அதாவது தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், 400, 600, 800, 1000 நாலும் வாங்குங்க. நம்பர் ஏற ஏற சொரசொரப்பு குறையும். பூச்சு தோல் தோலா உரிஞ்சிருந்தா 320-ம் வேணும். ரெண்டு லைட்டுக்கு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஷீட் போதும். பத்து நிமிஷம் தண்ணியில ஊறட்டும். வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு. பம்பர், பானட் ஓரத்துல மாஸ்கிங் டேப்பை ரெண்டு அடுக்கா ஒட்டுங்க, ஒரு தடவை கை வழுக்கினா பெயிண்ட் போச்சு. தாளை வெறும் விரலால அமுக்காதீங்க, விரல் தடம் பள்ளமா விழும். மெத்துனு ஒரு ஸ்பாஞ்சுக் கட்டையில சுத்திக்கங்க.

400-லதான் வேலையே இருக்கு, அவசரப்படாதீங்க. ஒரு லைட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். வழியுற தண்ணியைக் கவனிங்க. முதல்ல மஞ்சளாப் பால் மாதிரி வடியும், அது பழைய பூச்சும் கெட்ட பிளாஸ்டிக்கும். நேரம் போகப் போக வெள்ளையா மாறும். துடைச்சிட்டு நகத்தால வருடுங்க. எங்கயாவது விளிம்பு தட்டினா அங்க பூச்சு இன்னும் தீவு மாதிரி நிக்குதுன்னு அர்த்தம். மூலையிலயும் மேல் ஓரத்துலயும்தான் அது ஒளிஞ்சிருக்கும். மொத்த லைட்டும் ஒரே சீராப் பனி படிஞ்ச மாதிரி வெளுக்கிற வரைக்கும் 600-ஐத் தொடாதீங்க. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்துங்க: 400 குறுக்கே போட்டா 600 நெடுக்கே. முந்தின கீறல் மறைஞ்சிருச்சான்னு அப்பதான் தெரியும். நம்பர் மாத்தும்போது வாளித் தண்ணியையும் மாத்தணும், இல்லேன்னா 400-ஓட ஒரு மணல் 1000-க்குள்ள புகுந்து கோடு போட்டுக்கிட்டே இருக்கும்.

இப்ப முக்கியமான இடம். மேல போடப்போறது என்னன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, தேய்ப்பை எங்க நிறுத்தணும்ங்கிறது அதைப் பொறுத்தது. 2கே கிளியர் கோட் (இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடிக்கிறதா இருந்தா 800, மிஞ்சிப்போனா 1000-ல நிறுத்திரணும். மங்கலாத்தான் இருக்கும், பயப்படாதீங்க, கிளியர் விழுந்ததும் கீறல் நிரம்பித் தெளிஞ்சிரும். அந்தச் சொரசொரப்புதான் கிளியரைப் பிடிச்சு வெச்சுக்கும். இதைப் புரிஞ்சுக்காம 3000 வரைக்கும் போயி, பஃபிங் பண்ணி, கண்ணாடியாக்கிட்டு அதுக்கு மேல கிளியர் அடிக்கிறாங்க. வழவழப்புல ஒட்டுமா? ஆறு மாசத்துல பாம்புச் சட்டை மாதிரி உரியுது. அப்புறம் "கிளியர் கோட்டே சரியில்ல"ன்னு அது மேல பழி.

ஸ்பிரே வேணாம், துடைச்சுப் பூசுற பூச்சோ ஃபிலிமோ போதும்னா அது வேற வழி. அதுக்கு 1500, 2000, 3000 தாண்டி கம்பவுண்டு போட்டு முழுசாத் தெளிய வெச்சுத்தான் ஆகணும். பெயிண்ட்டுக்கு ஒட்டுற பிபிஎஃப் ஃபிலிமை லைட்டுக்கும் வெட்டி ஒட்டலாம், கல்லடிக்கும் அது நல்ல காவல். வெறும் வாக்ஸ் சில வாரம்தான் நிக்கும், அதை நம்பாதீங்க.

கிளியர் அடிக்கிறதுக்கு முன்னாடி துடைக்கணும். இங்கதான் நெஞ்சு வெடிக்குது. தின்னர்! பெட்ரோல்! அசிட்டோன்! டிங்கரிங் பட்டறையில கைக்கு எட்டினது அதுதான்னு எடுத்து ஊத்துறாங்க. பாலிகார்பனேட்ல அது பட்டா உள்ள அடங்கியிருக்கிற இழுவிசையெல்லாம் விட்டு, சிலந்தி வலை மாதிரி நுண் வெடிப்பு ஓடிரும். அதோட அந்த லைட்டு முடிஞ்சுது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெடிக்கல் கடையிலேயே கேட்டா கிடைக்கும். நூல் உதிராத துணியில நனைச்சு ஒரே திசையில துடைச்சா போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் கூடாது.

கிளியர் 2கே-தான், அதாவது ஹார்டனர் சேருற வகை. டப்பாவுல வர்றதுன்னா அடியில இருக்கிற பட்டனை அமுக்கினதும் ஹார்டனர் கலக்கும். டப்பாவுல போட்டிருக்கிற மணி நேரத்துக்குள்ள அடிச்சு முடிக்கணும், மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்க முடியாது. ஹார்டனர் இல்லாத சாதா கிளியர் பெட்ரோல் பட்டாலே இளகும். 20, 25 செ.மீ. தள்ளிப் பிடிங்க. முதல் கோட் மெல்லிசாத் தூவல் மட்டும். பத்து நிமிஷம் விட்டு, ஈரமாத் தெரியுற அளவுக்கு ரெண்டாவது. இன்னொரு பத்து, பதினஞ்சு நிமிஷம் விட்டு மூணாவது. ஒரே கோட்ல முடிக்கிறேன்னு கொட்டினா கண்ணீர் மாதிரி வழிஞ்சு நிக்கும். டேப்பை முழுசா இறுகுறதுக்கு முன்னாடியே மெதுவா உரிங்க, இல்லேன்னா ஓரத்துல கிளியரும் சேந்து பேந்துரும். 24 மணி நேரம் தண்ணி காட்டாதீங்க, ஒரு வாரம் தேய்க்காதீங்க.

அப்புறம் ஒண்ணு, இது உயிர் சமாச்சாரம். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவந்து விட்டுரும். மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு அடிக்கிற பெயிண்டர் பசங்களைப் பாத்தா வயிறு கலங்குது. துண்டோ சாதா மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் போட்ட முகமூடி வேணும், கையுறை வேணும், காத்தோட்டம் வேணும், பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது. வேலைக்கு ஆள் வெச்சிருக்கிற முதலாளிமாரே, வாங்கிக் குடுங்க!

நாளும் பாக்கணும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல அடிச்சா கிளியர் பால் மாதிரி வெளுத்துரும், காத்துல இருக்கிற ஈரம் மேல படிஞ்சு சிக்கிக்கும். மார்கழிக் காலையும் அப்படித்தான், பனி விலகணும். தை, மாசியில சுணை பறக்கும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்போது தூசிக்குக் கேக்கணுமா. சித்திரை உச்சி வெயில்ல அடிச்சா மேல்தோல் சட்டுனு காஞ்சு அடியில குமிழ் கட்டும். பங்குனியில காலை எட்டுலேருந்து பதினொண்ணுக்குள்ள, கூரைக்குக் கீழ. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தரையில லேசாத் தண்ணி தெளிச்சுத் தூசியை அடக்கிருங்க.

இவ்வளவும் பண்ணாம, "வெளிச்சம் பத்தல"ன்னு 100/90 வாட் (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) பல்பு மாட்டுறவங்களை என்ன சொல்றது? எச்4, அதாவது ரெண்டு இழை இருக்கிற ஹாலஜன் பல்பு, 60/55 வாட்டுக்குத்தான் டூமும் ஒயரும் செஞ்சிருக்கு. கூடுதல் சூட்டுல ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். அந்த வெள்ளி மாதிரி மின்னுற பூச்சு போனா பாலிஷ் போட்டுத் திரும்பக் கொண்டுவர முடியாது, துணியால தொட்டாலே கையோட வந்துரும். எல்இடி பல்பைச் செருகுறவங்க கதையும் அதுதான்: இழை இருக்க வேண்டிய இடத்துல ஒளி இருக்காது, புகை படிஞ்ச லென்ஸ்ல பட்டு நாலாபக்கமும் சிதறும். உங்களுக்கு ரோடு தெரியாது, எதிர்ல பைக்ல வர்றவருக்குக் கண்ணே தெரியாது.

வெளிச்சம் குறைஞ்சா முதல்ல மீட்டரை எடுங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில எவ்வளவு வோல்ட், பல்புல சொருகுற ஒயர் முனையான கப்ளர்ல எவ்வளவு வோல்ட்னு பாருங்க. வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா ஹாலஜன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போயிரும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் உப்புக்காத்துல கப்ளர் பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும், எர்த் போல்ட்டு துருவேறியிருக்கும். சுரண்டிச் சுத்தம் பண்ணி டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கிற கிரீஸ்) வைங்க. பத்தலேன்னா பேட்டரியிலேருந்து நேரா லைட்டுக்குக் கரண்ட் குடுக்கிற ரிலே போடுங்க. டூமுக்குள்ள தண்ணி கோத்தா ஓட்டை போடாதீங்க! பல்பு மாத்தினவன் பின்பக்க ரப்பர் மூடியைப் போடாம விட்டிருப்பான், முதல்ல அதைத் தேடுங்க.

டெயில் லைட்டுல இதே வைத்தியத்தைக் காட்டக் கூடாது. அது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டா நுண் வெடிப்பு ஓடலாம். சோப்புத் தண்ணி, 1500, 2000, 3000, கம்பவுண்டு, அதோட நிறுத்துங்க.

டூமைக் கழட்டி மாட்டினா ஒளி மட்டம் மாறும். கழட்டுறதுக்கு முன்னாடியே சம தரையில சுவத்துலேருந்து 8 மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீம் வெட்டுக்கோட்டை (சுவத்துல வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிக்கிற கோட்டை) டேப்பால குறிச்சு வெச்சிருங்க. திரும்ப மாட்டினதும் அதே கோட்டுக்குக் கொண்டு வாங்க.

கையில நேரமில்ல, கடையிலதான் குடுக்கணும்னா சாவியைக் குடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எந்த நம்பர் தாளோட தேய்ப்பை நிறுத்துவீங்க? மேல என்ன பூச்சு போடுவீங்க? எத்தனை நாள் கழுவக் கூடாது? "அதெல்லாம் வேணாம்ணே, பாலிஷ் போட்டாலே போதும்"னு பதில் வந்தா, சாவியை வாங்கிக்கிட்டு வண்டியைத் திருப்புங்க.