மோல்ட் முழுவதையும் முதலிலேயே கொட்டாதீர்கள்

வீட்டில் பியர் காய்ச்ச வாங்கும் கிட்டோடு வரும் தாளில் அநேகமாக ஒரே வரிதான்: மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு, பாகாகவோ பொடியாகவோ வரும்) முழுவதையும் கரைத்து ஒரு மணித்தியாலம் கொதிக்க விடவும். 20 லீட்டரையும் ஒன்றாகக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சட்டி இருந்தால் பரவாயில்லை. வீட்டு காஸ் அடுப்பில் 10 லீட்டரைக் காய்ச்சி, பிறகு தண்ணீர் விட்டு 20 ஆக்குபவர்களுக்கு அது சரிவராது.

பாகு மோல்ட் 3 கிலோ, 20 லீட்டரில் என்றால் அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000) 1.045 அளவில் நிற்கும். 10 லீட்டரில் 1.090. அந்தக் கெட்டிப் பாகு 60 நிமிடம் கொதித்தால் கறுக்காமல் என்ன செய்யும்? பொன்னிறமாக வரவேண்டிய பேல் ஏல் என்ற வெளிர்நிற பியர் செம்பு நிறத்தில் நிற்கும். பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் கெட்டியில் ஒழுங்காக இறங்காது.

எக்ஸ்ட்ராக்டைத் தொழிற்சாலையிலேயே வடித்து, வற்றவைத்துத்தான் டின்னில் அடைக்கிறார்கள். ஒரு மணித்தியாலக் கொதி ஹொப்ஸுக்குத்தான் வேண்டும். ஆகவே முதலில் 1 கிலோ, கடைசிப் பத்து நிமிடத்தில் மீதி 2 கிலோ. அந்த 1 கிலோவையும் ஏன் முதலில் போடவேண்டும்? வெறும் தண்ணீரில் அவிந்த ஹொப்ஸின் கசப்பு கரடுமுரடாக நாக்கில் ஒட்டும். மோல்ட் இருந்தால் தண்ணீரின் காரத்தன்மை (pH) குறைந்து, அந்தக் கரடுமுரடும் குறையும்.

இரண்டாம் தடவை போடும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். டின்னை 20 நிமிடம் சுடுதண்ணீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பைக் குறைப்பது போதாது, அணைக்கவேண்டும். பாகு பாரம், நேரே அடியில் போய்ப் படுத்துவிடும்; கீழே நெருப்பு இருந்தால் அடிப்பிடித்து, அந்தப் புகை மணம் போத்தல் வரை வரும். மெல்லிய தாரையாக ஊற்றி, நீட்டுக் கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கினால் பாகு இழுபடக் கூடாது. பிறகே அடுப்பு. மறுபடி கொதி வரும்போது நுரை பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொடி என்றால் 2.4 கிலோ போதும். ஆவி பட்டால் கட்டி பிடிக்கும் என்பதால் முதலில் குளிர்தண்ணீரில் கரைத்துவிடுங்கள்.

இப்படிச் செய்தால் கசப்புக் கூடும். 40 கிராம் கசப்பு ஹொப்ஸ் என்றால் 32 கிராமில் தொடங்குவேன். ஸ்டவுட் போன்ற கறுப்பு பியருக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை.

கொழும்பில் இருந்து கேட்பவர்களுக்கு: இங்கே மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்ச முடியாது. லண்டனில் இருக்கும் மச்சானுக்கு 1963 முதல் அந்தத் தொல்லை இல்லை. பேக்கரி வேலைக்கு மோல்ட் வாங்கி வைப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த பொடி கல்லாகிவிடும், காற்றுப் புகாத டப்பா கட்டாயம். பாகு வெக்கையில் கிடந்தால் டின்னுக்குள்ளேயே கறுக்கும். திறக்கும்போதே சோயா சோஸ் நிறத்தில் இருக்கிற பாகைக் கடைசி நிமிடத்தில் போட்டும் பேல் ஏல் வராது. அதை ஸ்டவுட்டுக்கு ஒதுக்குங்கள்.