செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்குமா?

"செராமிக் கோட்டிங் போட்டால் போதும், ஸ்போர்ட்ஸ் காருக்குக் கல்லடி படாது, பிபிஎஃப் (பெயின்டின் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) வீண் செலவு" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பெயின்டின் மேல் பூசும் செராமிக் பூச்சின் தடிமன் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தண்ணீர் வழிந்தோடும், கழுவுவது சுலபம், பளபளப்பும் கூடும். பறந்து வரும் கல்லை அது தாங்காது. பிபிஎஃப் என்கிற தெளிபடலம் பாலியூரித்தேன். சுமார் 150 முதல் 200 மைக்ரான். மோதலின் விசையை அந்தத் தடிமன்தான் வாங்கிக்கொள்கிறது. படலத்தில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் மறைவதும் உண்மை. ஆழமான வெட்டு மறையாது.

ஸ்போர்ட்ஸ் காரில் தாழ்ந்த முன்பம்பரும், அகன்ற டயர் கல்லை வாரியிறைக்கும் பின்சக்கர வளைவும்தான் முதலில் அடிவாங்கும். எனவே முழு வண்டிக்கும் பிபிஎஃப் ஒட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்த பகுதியா? யோசியுங்கள், படலத்தை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரலாம்.