ஜோக் அடிப்பவரை விடுங்கள், வாங்கிக்கொள்பவரைப் பாருங்கள்

ஒரு காமெடிக் காட்சியில் ஜோக் அடிப்பவரைவிட அதை வாங்கிக்கொள்பவருக்குத்தான் வேலை அதிகம் என்பது என் கட்சி. வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் நாகேஷைத்தான் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அவர் சொல்லும் கதையில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாயாலேயே போடும் சத்தங்கள், கண்ணை உருட்டுவது, நடுநடுவே ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அந்த வெறும் சத்தத்தைப் பயங்கரமான கதையாக மாற்றுவது பாலையாவின் முகம். மகனாக வரும் நாகேஷின் சினிமா ஆசைக்குக் காசு தரவே கூடாது என்று இருக்கும் பணக்கார அப்பா அவர். அந்தக் கெத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, குழந்தை மாதிரி மிரள ஆரம்பிக்கிறார். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு அவரை மட்டும் பாருங்கள், அப்போதும் சிரிப்பு வரும். இயக்குநர் ஸ்ரீதரும் அவரோடு எழுதிய சித்ராலயா கோபுவும் இதை நன்றாகத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். 1966-இல் இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார், கேட்க ஓம் பிரகாஷை உட்கார வைத்தார்கள். அங்கேயும் கேட்கிற இடத்துக்குச் சாதாரண ஆள் போதவில்லை, பாருங்கள்.

அப்புறம் வாழைப்பழம். 'கரகாட்டக்காரன்' (1989) காட்சியை இந்நேரம் மனதுக்குள் ஓட்ட ஆரம்பித்திருப்பீர்கள். வாங்கிவரச் சொன்னது இரண்டு பழம், கையில் இருப்பது ஒன்று, இன்னொன்று எங்கே என்றால் அந்த இன்னொன்றுதான் இது என்கிறார் செந்தில். ஜோக் இந்த ஒரு வரிதான். இதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் காட்சியை எப்படி ஓட்டினார்கள்? செந்திலின் பதில் கடைசிவரை மாறுவதே இல்லை. குரல்கூட ஏறுவதில்லை. மாறுவதெல்லாம் கவுண்டமணி. முதலில் சாதாரணமாகக் கேட்கிறார், அப்புறம் சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாகக் கேட்கிறார், அப்புறம்தான் வெறி பிடிக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்தால் சலிப்புத்தான் வரவேண்டும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கவுண்டமணியின் கொதிப்பு ஒரு படி ஏறுவதால் நாமும் கூடவே ஏறுகிறோம். செந்திலின் பதிலில் தர்க்கப்படி ஓட்டை கண்டுபிடிப்பதும் அவ்வளவு சுலபமில்லை. ஒரு கிறுக்குத் தர்க்கம் உள்ளுக்குள் சரியாக இருக்கும்போதுதான் எதிராளிக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இதற்கெல்லாம் சார்லி சாப்ளினிடம் போக வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சிரிப்பு பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடம்) என்று நான்கைச் சொல்கிறது. மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை'. பிடித்ததை விடாமல் நிற்பது. செந்திலுக்கென்றே எழுதியது மாதிரி இல்லை? 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரியும் என்று கேட்டு உள்ளே எரியும் வலை போன்ற மேன்டிலை உதிர்த்துவிடுகிறாரே, அது பேதைமை. அங்கே ஆளுக்கு விஷயம் தெரியாது. வாழைப்பழத்தில் எல்லாம் தெரியும், ஆனால் பிடியை விடமாட்டார். இரண்டு படங்களின் காமெடி டிராக்கையும் எழுதியவர் ஏ. வீரப்பன்தான். நடிகர்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடும் நாம் அவர் பெயரை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

எள்ளல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். செந்திலின் நிறத்தையும் தலையையும் வைத்துக் கவுண்டமணி அடித்த ஜோக்குகளை இன்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காலம் மாறிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். அந்த ஜோக்குகளில் செந்திலுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பழத்தில் அவர் கவுண்டமணிக்குச் சமமான ஆட்டக்காரர், சொல்லப்போனால் ஜெயிப்பவரே அவர்தான்.

வடிவேலு வந்தபோது இந்த இரட்டை வேலை ஒரே உடம்புக்குள் வந்துவிட்டது. 'வின்னர்' (2003) கைப்புள்ளையைப் பாருங்கள். பில்ட்-அப் கொடுப்பதும் அவரே, அடி வாங்குவதும் அவரே. அடிக்கும் அடிக்கும் நடுவே முகத்தில் ஒரு சமாளிப்பு வரும், என் கணக்கில் முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் நேசமணி தலையில் சுத்தியல் விழுவதும் அப்படியே. சுத்தியல் விழுவதில் என்ன நகைச்சுவை? நிஜத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். சிரிப்பு வருவது அதை வாங்கிக்கொள்ளும் அந்த முகத்தால்தான்.

இப்போது வரும் படங்களில் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான். நான்கு நண்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் ஒரு கவுன்ட்டர் கொடுப்பார், உடனே அடுத்தவர் இன்னொன்று, மூன்றாமவர் இன்னொன்று. எல்லோரும் புத்திசாலிகள், அடி வாங்க ஆளே இல்லை. ஒரு வரி வந்து விழுந்து, அது ஒரு முகத்தில் இறங்க இரண்டு நொடியாவது வேண்டாமா? அந்த இரண்டு நொடியை எடிட்டிங் மேசையிலேயே வெட்டிவிடுகிறார்கள். வரிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பல நன்றாகவே இருக்கின்றன. தியேட்டரில் ஒரு சிரிப்பு எழுவதற்குள் அடுத்த வரி வந்து அதை மூடிவிடுகிறது. ரீல்ஸில் இன்னும் மோசம், பழத்துக்கு முந்தைய சண்டையை வெட்டிவிட்டு அந்த ஒற்றை வரியை மட்டும் போடுகிறார்கள்.

பஞ்ச் வசனம்தான் முக்கியம் என்று இன்னும் வாதாட வருகிறவர்கள் முதலில் தங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்க்கட்டும். தினமும் வந்து விழும் மீம்களில் வடிவேலு பெரும்பாலும் எதுவும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். யாரோ சொன்னதைக் கேட்டு முழித்துக்கொண்டிருப்பார்.