கரடியைச் சுட்டால் கேஸ் வராதா?

ஜவ்வாது மலைக்குப் பன்றி வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கி இருந்தால் போதும், கரடி பாய்ந்தால் சுடலாம், தற்காப்பு என்பதால் கேஸ் வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி அண்ணா. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11(2), உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வது குற்றமில்லை என்கிறது, ஆனால் அதற்குக் கீழேயே ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள்: அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் விலக்கு கிடையாது. அனுமதியில்லாத வேட்டையே பிரிவு 9-இன்படி குற்றம், கரடியோ முதல் அட்டவணை விலங்கு, அதாவது இந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியலில் இருப்பது. தன் கொல்லையில் வேலை செய்தவர் மேல் பாய்ந்தால் அது வேறு விஷயம். சந்தேகமிருந்தால் 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் இந்தச் சட்டத்தைத் தேடி, பிரிவு 11-ஐத் திறந்து இரண்டாம் உட்பிரிவின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள், இலவசம்தான்.