அந்த ஒரே ஒரு பிரேக்

நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் டென்னிஸ் பார்க்கிறவங்க ரொம்ப கம்மி. பூப்பந்துன்னா எல்லாரும் உக்காந்துருவாங்க, லீ சோங் வெய் ஆடுன காலத்துல கடையில நாற்காலியே கெடைக்காது. அதனால பெரிய சர்வ் போடற ஆளோட மேட்ச் டிவில ஓடுனாலே கொறை வந்துரும். "என்னா தம்பி, ஒருத்தன் அடிக்கிறான், இன்னொருத்தன் பார்த்துகிட்டே நிக்கிறான், மாத்து லா"ன்னு போன வாரம் கூட கடையில ஒரு அங்கிள் சொன்னாரு.

நிக்கிறவன் சும்மா நிக்கல அங்கிள். 220 கிலோமீட்டர் வேகத்துல பந்து வருது, அவனுக்கு கெடைக்கிறது அரை செகண்ட் மாதிரி தான், அதுக்குள்ள எதிராளி பந்த தூக்கிப் போடற கைய பார்த்து, ஓரமா வருதா நடுக்கோட்டுக்கு வருதான்னு முடிவு பண்ணி, சின்னதா ஒரு குதி குதிச்சு கால ஊணி, மட்டைய வீசாம குறுக்க வச்சு பந்த உள்ள தள்ளணும். பத்து தடவ தப்பிப் போனாலும் மூஞ்சி மாறக்கூடாது. அப்புறம் தான் சர்வ் போடற கேம்ல ஒண்ண கூட எதிராளிகிட்ட விடக்கூடாது, அப்படி விடறத தான் பிரேக்ன்னு சொல்றது, விட்டா செட்டே போச்சு.

இதுக்கு ஃபெடரரும் ஆண்டி ராடிக்கும் ஆடுன 2009 விம்பிள்டன் ஃபைனல் மாதிரி ஒரு மேட்ச் கெடையாது. நமக்கு ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்சது, முடியறப்ப 1 மணி தாண்டிருச்சு, விடிஞ்சா எல்லாருக்கும் வேல. ராடிக் சாதாரண ஆளு இல்ல, 2004லயே 249 கிலோமீட்டர் வேகத்துல சர்வ் போட்டவரு. மொத செட் அவருக்கு. ரெண்டாவது செட் 6-6 ஆகி, செட்ட முடிக்கிற டைபிரேக்ல 6-2ன்னு முன்னால இருக்காரு, ஒரு பாயிண்ட் எடுத்தா ரெண்டு செட்டும் அவருக்கு தான், ஃபெடரர் ஒண்ணொண்ணா மீட்டு 6-5 ஆக்கிட்டாரு. அடுத்த பந்து ராடிக்கோட பேக்ஹேண்ட் பக்கம் உசரமா வருது, நெட் கிட்ட நிக்கிறாரு, விடலாமா அடிக்கலாமான்னு ஒரு நொடி யோசிச்ச மாதிரி இருந்துச்சு, தரையில படறதுக்குள்ள எட்டி அடிச்ச அந்த வாலி வெளிய போயிருச்சு. எனக்கு இன்னைக்கும் அந்த வாலிய நெனைச்சா ராடிக்குக்காக வயிறு கலங்கும்.

அப்ப அங்க கடைசி செட்ல டைபிரேக் கெடையாது, அதனால அது 16-14 வரைக்கும் போச்சு. மேட்ச் மொத்தம் 77 கேம், அதுல ராடிக் சர்வ் போட்ட 37 கேமையும் ஜெயிச்சாரு, 38வது கேம்ல தான் மொத தடவையா பிரேக் ஆனாரு, அதோட மேட்ச்சும் முடிஞ்சது. நாலு மணி நேரத்துக்கு மேல காத்திருந்து ஒரே ஒரு பிரேக், அது தான் ஃபெடரருக்கு 15வது கிராண்ட் ஸ்லாம், அதாவது டென்னிஸோட நாலு பெரிய போட்டில கெடைச்ச பட்டம். எதிராளி தொட முடியாத சர்வ், அதான் ஏஸ், அதுவும் ஃபெடரருக்கு தான் அதிகம், 50. பெரிய சர்வ ஜெயிக்கணும்னா நம்ம சர்வ்ல உசுரா நிக்கணும்னு அன்னைக்கு தான் எனக்கு தெளிவா புரிஞ்சது.

இப்ப நெனைச்சு பாருங்க, 2022லேர்ந்து நாலு கிராண்ட் ஸ்லாம்லயும் கடைசி செட் 6-6 ஆனா பத்து பாயிண்ட் டைபிரேக். இந்த ரூல் அப்பவே இருந்திருந்தா ராடிக்க பிரேக் பண்ணாமலே மேட்ச் முடிஞ்சிருக்கும். ஏன் கொண்டு வந்தாங்கன்னு புரியுது, 2010 விம்பிள்டன் மொத ரவுண்டுல இஸ்னர்–மஹூட் மேட்ச் மூணு நாள் இழுத்து 70-68ல முடிஞ்சது, 11 மணி 5 நிமிஷம், ஒடம்பு என்னத்துக்கு ஆகும். 2018 விம்பிள்டன் செமிஃபைனல்லயும் அதே இஸ்னர், ஆண்டர்சன் கிட்ட 26-24ல தோத்தாரு, ஆண்டர்சன் ஃபைனல்ல ஆடறப்ப கால்ல பலமே இல்ல. மொத ரவுண்டுக்கும் செமிக்கும் டைபிரேக் வச்சுக்கட்டும், நான் சண்டைக்கு வரல. ஃபைனலுக்கு அடுத்த நாள் யாருக்கும் மேட்ச் கெடையாதே, அதையாவது சர்வ ஒடைக்கிற வரைக்கும் ஆட விடுங்கய்யா.