இணையத்துக்கு முன்பே இரும்புப் பெட்டி வந்துவிட்டது

"உலகமயமாக்கலை உண்டாக்கியதே இணையம்தான், இனி அதை யாராலும் நிறுத்த முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு பாதியும் சரியில்லை.

நாடுகள் நெருங்கத் தொடங்கியது இணையத்துக்கு வெகு முன்பே. 1866இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி நிலையாக இயங்கத் தொடங்கியது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நம் ஆட்கள் இலங்கை, மலாயா தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறியதும் அந்த நூற்றாண்டில்தான்.

அப்புறம் கன்டெய்னர், அதாவது சரக்கை அடைத்து அனுப்பும் பெரிய இரும்புப் பெட்டி. இதை ஏனோ யாரும் பேசுவதே இல்லை! 1956 ஏப்ரல் 26 அன்று, லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் சுமந்து ஏற்றினார்கள். கப்பல் நாள்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தது, வழியில் திருட்டு வேறு. பெட்டி வந்தபின், கிரேன் அதை அப்படியே தூக்கி லாரியிலோ ரயிலிலோ வைத்துவிட்டது. 1960களில் உலகத்துக்கே பொதுவான அளவுகளும் முடிவாக, சரக்குக் கையாளும் செலவு சரிந்தது. ஒரு நாட்டில் துணி, இன்னொன்றில் பொத்தான், மூன்றாவதில் தையல் என்று பிரித்துச் செய்வது கட்டுப்படியானது இதனால்தான்.

'நிறுத்த முடியாது' என்பதும் தவறு. 1930இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் சுங்கவரியை உயர்த்தியது, மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. பெருமந்தம் என்ற அப்போதைய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து உலக வணிகம் படுத்துவிட்டது. நீராவிக் கப்பலும் தந்தியும் அப்போதும் இருந்தனவே! 1947இல் 23 நாடுகள் சுங்கவரிகளைக் குறைப்பதற்கான காட் (GATT) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் வரிச்சுவர்கள் படிப்படியாக இறங்கின.

மென்பொருள், கால் சென்டர் போன்ற சேவைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோனதில் இணையத்தின் பங்கு பெரிதுதான், அதை மறுக்கவில்லை.